இணைய அவையில் பேசாதோர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கிய வட்டத்தின் விழாவில் இணையத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் உரையின் பொருள் அவை என்பதே. நம் மரபில் அவை என்பது பெருஞ்சொல். ஒரு நூல் அரங்கேற வேண்டுமாயின் அவை கூட வேண்டும். திருக்குறளில் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பேசுவோன் அவையின் இயல்பை அறிதல் வேண்டும். அவையைக் கண்டு அஞ்சாதிருத்தல் வேண்டும். இவ்வாறு பேசுவோனுக்கு உரிய கடமைகள் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் பேசாதோர் ஏன் பேசவில்லை, அவர்தம் வாயை அடைத்தது எது, அதில் அவைக்கும் பங்கு உண்டா என்னும் வினாக்களை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. அவற்றையே இன்று எழுப்ப விரும்புகிறேன்.

இதற்கு இணையத்தில் இயங்கும் தொழில்நுட்பக் குழுக்களைச் சான்றாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர் அவையில் வாய் திறவாதவரை எவரும் எண்ணிக் கணக்கு வைப்பதில்லை. இணைய அவையிலோ உறுப்பினர் எத்தனை பேர், அவருள் ஒரு வரியேனும் எழுதியவர் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். மௌனத்தை அளந்து பார்க்க வாய்ப்பளிக்கும் இடம் அது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் தம் ஐயங்களைக் கேட்கவும், அறிந்தவர் விடை கூறவும், பலர் கூடி ஒரு மென்பொருளை ஆக்கவும் இத்தகைய குழுக்கள் உதவுகின்றன. இவற்றில் பேசுவோர் சிலர். பெரும்பாலோர் நாள்தோறும் வந்து படித்துவிட்டு ஒரு சொல்லும் எழுதாமல் செல்கின்றனர். இவர்களை ஆங்கிலத்தில் 'லர்க்கர்' என்பர். பதுங்கியிருப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். இருட்டில் மறைந்து நின்று எதையோ கவர்ந்து செல்லக் காத்திருப்பவரை நினைவூட்டும் சொல் அது. பேசாதவர் மீது குற்றம் சுமத்திவிட்டே அம்மொழி அவரைப் பெயரிட்டு அழைக்கிறது.

தமிழில் நாம் அவரை எப்படி அழைப்போம்? 'கேட்பவர்' என்போம். ஆசிரியரிடம் கற்பதையே 'பாடம் கேட்டல்' என்று வழங்கிய மொழி நம்முடையது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் 'பாடம் கேட்டார்' என்றே இன்றும் சொல்கிறோம். இதனினும் வியப்புக்குரியது 'கேள்வி' என்னும் சொல். செவி வழியே பெறும் கல்வியும் கேள்வி. ஐயுற்று எழுப்பும் வினாவும் கேள்வி. காது கொடுத்தலும் வாய் திறத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. முதற் கேள்வி பழுத்து இரண்டாம் கேள்வியாகக் கனிய வேண்டும். அது கனியாமற் போவது எங்கே, ஏன் என்பதே நம் ஆய்வு.

எத்தனை பேர் பேசுவதில்லை?

பிளேர் நொன்னெக்கே, ஜெனிபர் பிரீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். நோயுற்றோரும் அவர்தம் உறவினரும் ஒருவர்க்கொருவர் ஆறுதல் கூறும் மின்னஞ்சல் குழுக்களையும், மென்பொருள் தொடர்பான உதவிக் குழுக்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். நோயுற்றோர் குழுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேர் பேசாதிருந்தனர். மென்பொருள் குழுக்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேர் பேசாதிருந்தனர்.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவு எண்ணத்தக்கது. நோயுற்றவர் தம் துன்பத்தைச் சொல்லும்போது அதைத் தவறு என்று எவரும் மறுக்க இயலாது. 'எனக்கு வலிக்கிறது' என்னும் கூற்றுக்குச் சான்று வேண்டுவதில்லை. தொழில்நுட்ப அவையில் நிலைமை வேறு. அங்கே கேட்பவர் தம் அறியாமையை வெளிப்படுத்திக்கொள்கிறார். விடை கூறுபவரோ தம் விடை சரியா பிழையா என்று அடுத்த நொடியே எவரும் இயக்கிப் பார்த்துவிடக்கூடிய சோதனைக்கு உள்ளாகிறார். மேலும், ஊர் அவையில் தவறிப் பேசிய சொல் காற்றோடு போய்விடும். இணைய அவையில் எழுதியது எழுதியவர் பெயரோடு நெடுங்காலம் நிற்கும். பின்னொரு நாள் வேலை கொடுப்பவரும் அதைத் தேடிப் படிக்கலாம். இத்தனையும் அறிந்த ஒருவர் எழுதுமுன் இருமுறை தயங்குவது இயல்பே.

எனினும் 82 பேரும் அச்சத்தால் வாய் மூடினர் என்று முடிவு செய்துவிடலாகாது. மென்பொருள் குழுவுக்கு வருவோரிற் பலர் ஒரு சிக்கலோடு வருகின்றனர். அச்சிக்கலை முன்னரே எவரேனும் கேட்டு, வேறெவரேனும் விடையும் எழுதியிருப்பார்கள். அதைப் படித்ததும் வந்த வேலை முடிந்துவிடுகிறது. நூலகத்தில் நூலைப் படித்து மூடிவைத்துவிட்டுச் செல்பவர், எழுந்து நின்று உரையாற்றவில்லை என்று நாம் வருந்துவதில்லை அன்றோ?

மௌனத்தின் வகைகள்

பேசாதவர்களையே அணுகிக் காரணம் வினவிய ஓர் ஆய்வினை அதே ஆய்வாளர்கள் வேறொருவரோடு இணைந்து 2004இல் வெளியிட்டனர். விடையளித்தோரிற் பாதிக்கும் மேற்பட்டோர், 'எழுதுவதற்குத் தேவை எழவில்லை. படிப்பதே போதுமானதாக இருந்தது' என்றனர். 'பேசுமுன் குழுவைப் பற்றி இன்னும் அறிய வேண்டியிருந்தது' என்பது அடுத்து வந்த காரணம். 'நான் எழுதாதிருப்பதே குழுவுக்குச் செய்யும் உதவி' என்றவரும் உண்டு. மென்பொருளை இயக்கத் தெரியவில்லை என்றோரும், குழுவின் போக்குப் பிடிக்கவில்லை என்றோரும் சிறுபான்மையர். தொடக்கத்திலேயே 'நாம் பேசப் போவதில்லை' என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் மிகச் சிலரே.

இக்காரணங்களை நம் வழக்கில் வகைப்படுத்திப் பார்க்கலாம். தேவை நிறைவேறியதால் வருவது நிறைவின் மௌனம். அவையின் இயல்பை அறிந்துகொள்ளக் காத்திருப்பது கற்போனின் மௌனம். திருக்குறளின் அவையறிதல் அதிகாரம் இதனை மெச்சும். கூட்டத்தில் மேலும் ஒரு குரலைச் சேர்த்து இரைச்சலைப் பெருக்க வேண்டா என்பது அடக்கத்தின் மௌனம். 'பயனில சொல்லாமை'க்கு அதிகாரம் வகுத்த மரபில் வந்த நாம் இதனையும் பழிக்க இயலாது. இம்மூன்றும் அவைக்குக் கேடு செய்வன அல்ல. பேசுவோர் பேச்சுக்குப் பொருள் தருவோரே இவர்கள். கேட்போர் அற்ற அவை அவையாகாது.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று அச்சத்தின் மௌனம். மற்றொன்று கசப்பின் மௌனம், அதாவது ஒருமுறை பேசிப் புண்பட்டவர் மீண்டும் பேசாதிருப்பது. 2004ஆம் ஆண்டு ஆய்வில் இவை சிறுபான்மையாகத் தோன்றுகின்றன என்று ஆறுதல் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே என் கருத்து. குழுவில் இன்னும் இருப்பவர்களிடந்தான் காரணம் கேட்க இயலும். அஞ்சி வெளியேறியவரும், வாயிலிலேயே நின்று திரும்பிவிட்டவரும் அக்கணக்கில் வாரார். மேலும், அவையில் எழுத அஞ்சுபவர் ஆய்வாளரின் வினாத்தாளுக்கு மட்டும் மனந்திறந்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் அரிது. ஆகவே அச்சத்தின் மௌனத்தை வேறு சான்றுகளைக் கொண்டே அறிதல் வேண்டும்.

அஞ்சியோர் யாவர்?

முதற் சான்று நம் துறைக்கு அண்மையது. மொழியியலாளர்கள் மின்னஞ்சல் வழியே உரையாடும் 'லிங்விஸ்ட்' என்னும் குழு 1990இல் தோன்றியது. அது தொழில்நுட்பக் குழு அன்று. உறுப்பினர் பலர் பேராசிரியர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள். அக்குழுவின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த விவாதங்களைச் சூசன் ஹெர்ரிங் என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர் ஆராய்ந்தார். இவர் தமிழ்க் கதையாடலில் வினைச்சொற்கள் ஆற்றும் பணியை ஆராய்ந்து 1991இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. துறையில் பெண்கள் பெற்றிருந்த இடத்தோடு ஒப்பிட, விவாதத்தில் அவர்கள் எழுதியது மிகக் குறைவு என்று அவர் கண்டார். காரணம் வினவியபோது, பேச்சின் கடுமை அச்சுறுத்தியது என்று பெண்கள் கூறினர். ஆண்களும் அதையே கூறினர் என்பதுதான் நாம் கருத்திற் கொள்ள வேண்டியது. வேறுபாடு எங்கே என்றால், ஆண்கள் அக்கடுமையை அறிவுலகத்தின் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டனர், பெண்கள் ஒதுங்கிக்கொண்டனர். ஆக, சுடுசொல் எல்லோரையும் சுடுகிறது. சூட்டைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டவரின் குரல் மட்டுமே அவையில் எஞ்சுகிறது.

இரண்டாம் சான்று 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் பெரிய அவை. நிரலர்கள் ஐயம் கேட்டு விடை பெறுவதற்காக 2008இல் தொடங்கப்பெற்ற இதன் பயனை மறுப்பதற்கில்லை. இதில் பங்கேற்பதற்கு உள்ள தடைகளை டெனே ஃபோர்டு என்பவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். 14 தடைகள் இனங்காணப்பட்டன. அவற்றுள் 5 பெண்களை மிகுதியாகத் தடுப்பவை. அவையின் வசதிகளைப் பற்றிய அறியாமை, விடை கூறத் தமக்குத் தகுதி போதாது என்னும் ஐயம், அவையின் பேருருவம் தரும் மலைப்பு, முன்பின் அறியாதாரோடு பழகுவதில் உள்ள கூச்சம், இதில் எழுதுவது வேலை நேரத்தை வீணாக்குவதாகும் என்னும் எண்ணம் ஆகியன அவை. இவற்றுள் ஒன்றேனும் அறிவுக் குறைவைச் சுட்டவில்லை என்பதைக் காண்க. இரண்டாண்டுகள் கழித்து, 2018இல், தங்கள் அவை பலருக்கு, குறிப்பாகப் புதியோருக்கும் பெண்களுக்கும், வரவேற்பற்ற இடமாகத் தோன்றுகிறது என்று அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மூன்றாம் சான்று லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இவ்வியக்கு தளத்தின் கருநிரலை உலகெங்கும் உள்ளோர் கூடி வளர்த்து வருகின்றனர். அக்குழுவில் பிழை செய்தவரைப் பலரறிய இழித்துரைப்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. யுஎஸ்பி 3.0 என்னும் இணைப்பு முறைக்கான நிரலை அதற்கு ஆக்கித் தந்த பங்களிப்பாளர் ஒருவர், இவ்வழக்கத்தை 2013இல் வெளிப்படையாகக் கண்டித்தார். 2015இல் அதனையே காரணமாகக் கூறி விலகினார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். நடத்தை நெறி ஒன்றும் அப்போது ஏற்கப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்து அறிவை ஈட்டிய ஒருவர் விலகும்போது அவ்வறிவும் அவரோடு சென்றுவிடுகிறது. அவை இழப்பது இதுவே.

நம் இலக்கணத்தில் 'அவைய முல்லை' என்றொரு துறை உண்டு. நடுவுநிலை பிறழாத சான்றோர் அவையின் இயல்பைக் கூறுவது அது. அவைக்கும் இலக்கணம் உண்டு என்று கருதியோர் நம் முன்னோர். அவ்விலக்கணத்தில் இன்று நாம் சேர்க்க வேண்டிய ஒரு விதி உண்டு: அறியாது கேட்டவனை நகையாத அவையே அவை.

சிறு பணியும் பெரு வாயிலும்

அச்சம் போக வேண்டுமாயின் அஞ்சுபவருக்கு அறிவுரை கூறினால் போதுமா? 'துணிந்து பேசு' என்று நாம் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அதனால் துணிந்தவர் எத்தனை பேர்? துணிவு அறிவுரையால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. பழக்கத்துக்கோ சிறிய பணிகள் வேண்டும்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் இருவர் 1991இல் வெளியிட்ட நூலொன்று இங்கே நமக்குப் பயன்படும். தொழில் கற்போர் எவ்வாறு ஒரு கூட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து சேர்கின்றனர் என்பதை அந்நூல் ஆராய்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரிய நாட்டுத் தையற்காரர்கள் அதில் ஒரு சான்று. அங்கே தொழில் பயில வந்தவனிடம் துணியை வெட்டும் வேலையை முதலில் கொடுப்பதில்லை. வெட்டிய துணி கெட்டால் இழப்பு மிகுதி. முதலில் பொத்தான் தைப்பான். ஓரம் மடித்துத் தைப்பான். முடிந்த உடைக்குச் செய்ய வேண்டிய கடைசி வேலைகளைக் கற்பான். பிறகு பகுதிகளை இணைத்துத் தைக்கக் கற்று, இறுதியிலேயே வெட்டுதலுக்கு வருவான். ஆடை உருவாகும் வரிசை ஒன்று. அதைக் கற்கும் வரிசை அதற்கு நேர் எதிரானது. சிறுவன் ஓரத்தில் அமர்ந்திருக்கும்போதே கடையின் உறுப்பினனாகிவிடுகிறான். பேசாது பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு அனுமதிக்கப்பட்ட நிலை. அந்த இடத்தில் அவனை இருத்திவிட்டு, கையில் ஒரு பொத்தானையும் கொடுக்கிறார்கள்.

இதனோடு நம் காலத்து இணைய அவையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிதாகச் சேர்ந்தவர் கேள்வி கேட்கலாம். முழு விடையும் எழுதலாம். ஆனால் பிறர் எழுதிய விடையின் அடியில் 'இந்த வரியில் ஒரு சிறு திருத்தம் வேண்டும்' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமானால் 50 மதிப்புப் புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டும். வேண்டாத விளம்பரங்களையும் வெற்றுரைகளையும் தடுக்கவே இவ்விதி என்பர். அது நியாயமே. ஆயினும் அதன் விளைவு என்ன? துணி வெட்டும் வேலை முதல்நாளே திறந்திருக்கிறது. பொத்தான் தைக்கும் வேலை பூட்டப்பட்டிருக்கிறது.

இதற்கு மாறான அமைப்பு 2001இல் தோன்றிய விக்கிப்பீடியா. அங்கே வந்தவர் முதல்நாளே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் அவ்வாறே. ஒற்றுப் பிழையைக் கண்டு மனம் வருந்தும் தமிழாசிரியர் எவரும் அங்கே பொத்தான் தைக்கலாம்! ஆனால் சிறு வாயில் இருந்தால் மட்டும் போதாது. வாயிலில் நிற்பவர் முகமும் மலர்ந்திருத்தல் வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைந்து எழுதுவோர் தொகை 2007இல் உச்சத்தை அடைந்து பின் குறைந்தது. நல்லெண்ணத்தோடு வந்த புதியோரின் திருத்தங்கள்கூடத் தானியங்கிக் கருவிகளின் துணையால் உடனுக்குடன் நீக்கப்பட்டது அதற்கு ஒரு காரணம் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முதல் முயற்சிக்குக் கிடைக்கும் முதல் மறுமொழி எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு இது சான்று.

வாயிலை மாற்றினால் மௌனம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. டெப் ரிச்சர்ட்சன் என்பவர் லினக்ஸ் பயிலும் பெண்களுக்காக 1999இல் 'லினக்ஸ்சிக்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினார். அதன் அடிப்படை விதிகள் இரண்டே: பண்புடன் பேசுக; உதவியாக இருக்க. அடுத்தது இன்னும் தெளிவானது. 'க்னோம்' என்னும் கட்டற்ற மென்பொருள் குழு, கூகுள் நிறுவனத்தின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்துக்காக 2006இல் விண்ணப்பங்களைப் பெற்றது. ஏறத்தாழ 200 பேர் விண்ணப்பித்தனர். ஒருவரேனும் பெண் இல்லை. பெண்களுக்கு இதில் நாட்டம் இல்லை என்று முடிவு செய்துவிட்டு அவர்கள் வாளாவிருக்கவில்லை. மகளிருக்கென்றே ஒரு கோடைத் திட்டத்தை அறிவித்தனர். நூறு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அந்தப் பெண்கள் அனைவரும் சில வாரங்களில் திடீரென்று நிரல் கற்றுக்கொண்டவர்களா? அவர்கள் முன்னரே இருந்தவர்கள். 'இது உங்களுக்கும் உரியது' என்று எவரும் சொல்லாதிருந்ததே அதுவரை நிலவிய மௌனத்தின் காரணம்.

மொழியால் வரும் மௌனம்

இனி, தமிழ் ஆசிரியர் என்னும் முறையில் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. தொழில்நுட்ப அவைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இயங்குகின்றன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முதன்மைத் தளத்தில் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்பது விதி. போர்த்துக்கீசியம், இரசியம், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனி அவைகள் அமைந்தன. இந்திய மொழி எதற்கும் அமையவில்லை.

கணிப்பொறியியல் பயிலும் மாணவியர் சிலரிடம், இத்தகைய குழுக்களில் எழுதுவதுண்டா என்று ஒருமுறை வினவினேன். நாள்தோறும் படிப்பதாக எல்லோரும் கூறினர். எழுதியதாக ஒருவரும் கூறவில்லை. அவருள் ஒருத்தி சொன்னாள்: "விடை தெரியும் அம்மா. ஆங்கிலத்தில் பிழை வந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்." நிரலில் பிழை வந்தால் கணிப்பொறி சுட்டிக்காட்டும், அவள் திருத்திக்கொள்வாள், அதற்கு அவள் அஞ்சவில்லை. ஆங்கில வாக்கியத்தில் பிழை வந்தால் மனிதர் நகைப்பர் என்றே அஞ்சுகிறாள். எந்திரத்தைவிட அவை கொடியதாக அவளுக்குத் தோன்றுகிறது என்றால், அக்குறை அவளுடையது ஆகுமா?

இதற்கு மாற்று ஒன்று உண்டு. தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெறும் அவைகள் பெருக வேண்டும். அதற்குக் கலைச்சொல் வேண்டும் என்று நாம் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறோம். கலைச்சொல் பட்டியலில் பிறப்பதோடு நின்றால் போதாது; ஐயம் கேட்பவர் வாயில் அது வாழ வேண்டும். 'இது தூய தமிழன்று' என்று முதல் வரியிலேயே கேட்பவரைத் திருத்தப் புகுந்தால், ஆங்கில அவையில் அஞ்சியவர் தமிழ் அவையிலும் அஞ்சுவார். தமிழாசிரியர்களாகிய நமக்கு இவ்வெச்சரிக்கை தேவை.

இயந்திரத்திடம் கேட்போர்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இம்மௌனம் புதிய வடிவம் கொண்டுள்ளது. அதுவரை அவையில் கேட்கத் தயங்கியவர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்கின்றனர். அது நகைப்பதில்லை, 'முன்பே கேட்டாயிற்று, தேடிப் பார்' என்று துரத்துவதில்லை, எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை, தமிழிலும் கேட்கலாம். அஞ்சியவர்க்கு இது பெரும் ஆறுதல் என்பதை மனமார ஒப்புகிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிதாக எழும் கேள்விகளின் எண்ணிக்கை அதன்பின் பெரிதும் குறைந்துவிட்டது.

ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அவையில் ஒருவர் கேட்ட கேள்வியும் பெற்ற விடையும் பின்வரும் ஆயிரம் பேருக்குப் பொதுச்சொத்தாக நின்றன. பேசாது படித்துச் சென்ற 82 பேரும் அதனாற் பயன் பெற்றனர். இயந்திரத்திடம் தனித்துக் கேட்ட கேள்வி அவ்வாறு பொதுவில் நிற்பதில்லை. அவ்வியந்திரம் விடை சொல்லக் கற்றதும், துணிந்து பொதுவில் பேசியோர் விட்டுச் சென்ற எழுத்துகளிலிருந்தே. எல்லோரும் பொது அவையைவிட்டு நீங்கிவிட்டால், நாளை தோன்றும் புதிய சிக்கலுக்கு விடை எங்கே எழுதப்படும்? ஊர்க்கிணறு தூர்ந்தபின் குடத்து நீர் எத்தனை நாளைக்கு? கடுஞ்சொல்லால் மக்களைத் துரத்திய அவைகள், அம்மக்கள் சென்று சேர வேறிடம் கிடைத்த பிறகே தாம் இழந்ததை உணர்கின்றன.

நிறைவுரை

அன்பர்களே! இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைக்கிறேன். பேசாமை ஒன்றன்று, பல. நிறைவாலும் கற்கும் விருப்பாலும் அடக்கத்தாலும் பேசாதோர் அவையின் செல்வம். அவர்களைப் பதுங்கியிருப்போர் என்று பழித்தல் கூடாது. வலிந்து பேசச் செய்தலும் வேண்டா. அச்சத்தாலும் கசப்பாலும் பேசாதோர் அவையின் இழப்பு. இவ்விரு சாராரும் வெளிப்பார்வைக்கு ஒரே வகையினராகத் தோன்றுவர் என்பதே இடர்ப்பாடு. ஒருவர் எதனால் பேசவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து அறிய இயலாது. ஆனால் பேச விரும்பினால் வழி உண்டா என்று அவையைப் பார்த்து அறியலாம். ஆகவே ஆராய வேண்டியது பேசாதவரின் மனத்தை அன்று, அவையின் நடைமுறையை.

பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்திற்கும் இது பொருந்தும். பத்தாண்டுகளில் இம்மேடையில் ஏறிய பெயர்களை எண்ணுவது எளிது. இந்நாற்காலிகளில் அமர்ந்து கேட்டுச் சென்றோர் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. அவர்களுள் நிறைவோடு சென்றவர் எத்தனை பேர், ஒரு கேள்வியை மனத்திலேயே விழுங்கிச் சென்றவர் எத்தனை பேர் என்பதை நாம் கணக்கிட்டதில்லை. பதினோராம் ஆண்டிற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் புதியவர் ஒருவருக்குச் சிறு பணி ஒன்றைத் தாருங்கள். ஒரு நூலின் முன்னுரையைப் படித்துக்காட்டுவதாயினும் போதும். உரைக்குப் பின் வினா எழுப்பும் நேரத்தில் முதல் வாய்ப்பை இதுவரை கேளாதவருக்கு அளியுங்கள். அவர் கேட்கும் கேள்வி எத்துணை எளியதாயினும், நம்முள் மூத்தவர் ஒருவர் அதற்கு மதிப்பளித்து விடை கூறட்டும்.

கேள்வி என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் இரு பொருள் வைத்துச் சென்றனர். முதற் பொருளை இவ்வட்டம் பத்தாண்டுகள் பேணியிருக்கிறது. இரண்டாம் பொருளும் இங்கே தழைக்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.